மன அதிர்ச்சியில் தவிக்கும் பிள்ளைக்கு 'சர்வீஸ் டாக்'... நம்ம ஊரில் கிடைக்குமா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையை ஒட்டிய பரவையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் படிக்கும் பையன். ஆறு மாதத்துக்கு முன்பு திண்டுக்கல் ரோட்டில் ஒரு விபத்து. பைக்கில் முன்னால் போன அண்ணன் அவன் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து பையன் பஸ் ஏறுவதில்லை. லாரி ஹாரன் கேட்டால் உடம்பு உதறுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான். அம்மா நிம்மதியாகத் தூங்கியும் பல நாளாச்சு.

ஒருநாள் அம்மாவின் செல்போனில் ஒரு வீடியோ வருகிறது. வெளிநாட்டில் ஒரு பெண் பிள்ளை தூக்கத்தில் புரண்டு அழுகிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் நாய் சட்டென்று எழுந்து, மூக்கால் முட்டி, முகத்தை நக்கி அவளை எழுப்பிவிடுகிறது. "நம்ம பிள்ளைக்கும் இப்படி ஒண்ணு வாங்கிக் கொடுக்க முடியுமா?" என்று அம்மா கேட்கிறார். "ஒரு லேப்ரடார் குட்டி வாங்கி விடுங்க மதினி, அதோட விளையாண்டே சரியாயிடுவான்" என்கிறார் சொந்தக்காரர் ஒருவர்.

இது கற்பனை வீடுதான். ஆனால், கேள்வி நிஜமானது. 2004-ல் 94 குழந்தைகளைப் பறித்த கும்பகோணம் பள்ளி தீ விபத்து, அதே ஆண்டு சுனாமி, 2025 செப்டம்பர் 27-ல் 41 பேர் உயிரிழந்த கரூர் கூட்ட நெரிசல் போன்ற பெரிய துயரங்கள் செய்தியாகின்றன. சாலை விபத்து, வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, பாலியல் சீண்டல், சாதித் தாக்குதல் என்று செய்தியில் வராமலேயே பிள்ளைகளைப் பாதிக்கும் சம்பவங்கள் இன்னும் அதிகம்.

சுருக்கமான பதில் இதுதான்: பயிற்சி பெற்ற நாய் உண்மையிலேயே உதவும். ஆனால் வெளிநாட்டு வீடியோவில் பார்ப்பது மாதிரியான சர்வீஸ் டாக்கை இங்கே போய்க் கேட்டு வாங்கிவர முடியாது. கடையில் வாங்கும் குட்டி அந்த வேலையைத் தானாகச் செய்யாது. முதலில் சிகிச்சை, அதற்குப் பிறகுதான் நாய். ஏன் இந்த வரிசை என்பதைப் பார்ப்போம்.

சர்வீஸ் டாக் என்றால் என்ன?

எல்லா வளர்ப்பு நாயும் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் 'சர்வீஸ் டாக்' என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட நபருக்கு இருக்கும் குறைபாட்டை ஈடுகட்ட, குறிப்பிட்ட வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்ட நாய் அது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916-ல் தொடங்கிய வழிகாட்டி நாய்ப் பள்ளிதான் இதற்கு முன்னோடி. பிறகு காது கேளாதோர், வலிப்பு நோய் உள்ளவர்கள், போரிலிருந்து மன அதிர்ச்சியோடு திரும்பிய ராணுவத்தினர் என்று இது விரிந்தது.

இணையத்தில் இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றாகக் குழப்புகிறார்கள். வித்தியாசம் இதுதான்:

• சர்வீஸ் டாக்: ஒரே ஒருவருக்காக, குறிப்பிட்ட வேலைகளுக்குப் பழக்கப்பட்டது. எப்போதும் அவருடனேயே இருக்கும்.

• எமோஷனல் சப்போர்ட் டாக்: கூட இருப்பதே ஆறுதல். தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதை சர்வீஸ் டாக்காக ஏற்பதில்லை.

• தெரபி டாக்: ஒருவருடைய வளர்ப்பு நாய். அவர் அதைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் என்று போய், பலருடன் சிறிது நேரம் பழக விடுவார்.

மன அதிர்ச்சி உள்ளவருக்காகப் பழக்கப்படும் சர்வீஸ் டாக் என்னென்ன செய்யும்? கெட்ட கனவு வரும்போது எழுப்பிவிடும். பதற்றம் கூடும்போது மடியிலோ நெஞ்சிலோ தன் எடையை வைத்து அழுத்தும். கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் நின்று, யாரும் உரசாமல் இடைவெளி ஏற்படுத்தும். தலைசுற்றி நின்றுவிட்டால் வாசல் பக்கம் இழுத்துச் செல்லும். மருந்துப் பையை எடுத்து வரும்.

பதற்றம் வருவது நாய்க்கு எப்படித் தெரியும்?

கால் ஆடுவது, மூச்சு வேகமாவது, நகத்தைப் பிறாண்டுவது போன்ற சின்னச் சின்ன அடையாளங்களை நாய் கவனிக்கும். அதோடு மோப்பமும் சேர்ந்துகொள்கிறது.

பிரிட்டனின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கஷ்டமான மனக்கணக்குப் போடச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் 36 பேரின் வியர்வை, மூச்சுக்காற்று மாதிரிகளை எடுத்தார்கள். எது பதற்றத்தில் எடுத்த மாதிரி என்பதை நான்கு நாய்கள் 100-க்கு 93 முறைக்கு மேல் சரியாகக் காட்டின.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் 2024-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. மோசமான அனுபவங்களைக் கடந்துவந்தவர்கள், அந்த நினைவு வரும்போது விடும் மூச்சை நாய்களால் பிரித்தறிய முடிகிறதா என்று பார்த்தார்கள். ஐவி, கேலி என்ற இரண்டு நாய்கள் அதைச் செய்து காட்டின. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம், முதலில் எடுத்த நாய்கள் 25. கடைசி வரை தேறியவை இந்த இரண்டு மட்டுமே.

நாய் நல்ல நாயாக இருப்பது வேறு, வேலைக்குத் தேறுவது வேறு. வெளிநாடுகளில் ஒரு சர்வீஸ் டாக்கைத் தயார் செய்ய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை ஆகிறது. அதற்காகவே வளர்த்த நாய்களில்கூடக் கணிசமானவை பாதியில் கழித்துவிடப்படுகின்றன.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இருக்கிறது. ஆனால் அளவோடு நம்ப வேண்டும்.

2024-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (சுருக்கமாக பி.டி.எஸ்.டி) உள்ள 156 ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினர் பங்கேற்றார்கள். 81 பேருக்கு சர்வீஸ் டாக் கிடைத்தது. 75 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நாய் கிடைத்தவர்களுக்குப் பாதிப்பின் தீவிரமும், பதற்றமும், மனச்சோர்வும் குறைவாக இருந்தன. ஆனால் இரு தரப்புக்குமே வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. நாய் வந்ததும் டாக்டரை நிறுத்திவிடவில்லை.

அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை இன்னொரு கேள்வியைக் கேட்டது. நன்கு பயிற்சி பெற்ற சர்வீஸ் டாக்குக்கும், ஒழுங்காகப் பழக்கிய சாதாரண ஆறுதல் நாய்க்கும் எவ்வளவு வித்தியாசம்? அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பி.டி.எஸ்.டி அறிகுறிகளில் மட்டும் சர்வீஸ் டாக் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் இருந்தது.

இதை நம்ம ஊர்ப் பெற்றோர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சர்வீஸ் டாக் கிடைக்கவில்லை என்பதற்காக எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை. நல்ல குணமுள்ள, ஒழுங்காகப் பழக்கிய வீட்டு நாயும் ஓரளவு கைகொடுக்கும். இரண்டு, இந்த ஆய்வுகள் பெரியவர்களைப் பற்றியவை. 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, அதிர்ச்சியை மையமாக வைத்துத் தரப்படும் பேச்சு வழி மனநல சிகிச்சைதான். நடந்ததைப் பாதுகாப்பான சூழலில், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவும் எதிர்கொள்ளவும் பழக்குவார்கள். நாய் இந்த சிகிச்சைக்குத் துணையாக இருக்க முடியும். டாக்டர் வீட்டு வாசலைத் தாண்டவே பயப்படும் பிள்ளைக்கு அந்தத் துணையே பெரிய உதவியாக இருக்கும்.

நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் அனுபவம் இதற்குப் பழைய உதாரணம். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன், குறித்த நேரத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்டான். அறையில் இருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸுடன் அவன் சேர்ந்துவிட்டான். பிறகு நாய் வழியாகவே அவனுடன் பேச முடிந்தது. 1962-ல் அவர் இதைப் பற்றி எழுதியபோது, நாயை 'துணை சிகிச்சையாளர்' என்றே குறிப்பிட்டார்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் சிக்கல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் மனநோயும் உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் அரசு சலுகைகள் பலவற்றைப் பெறலாம். பி.டி.எஸ்.டி உள்ள எல்லோருக்கும் அந்த அளவு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் சர்வீஸ் டாக் என்றால் எது, அதை எங்கெல்லாம் அனுமதிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் பள்ளிக்கோ, டவுன் பஸ்ஸிலோ, ஜவுளிக்கடைக்கோ நாயுடன் போனால், "உள்ளே விடு" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அங்கே இருப்பவரின் மனதைப் பொறுத்ததுதான்.

ரயிலில் நாயைக் கூட்டிப்போக வேண்டுமென்றால், ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபே அல்லது நான்கு பேர் கேபினை முழுசாகத் தங்கள் பெயரில் பெற வேண்டும். இல்லையென்றால் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள கூண்டுதான். விமானத்தில் போவதென்றால், உதவி நாயை அனுமதிப்பார்களா, என்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை. வளர்ப்பு நாய் வைத்திருப்பதையே குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வாடகை வீடு என்றால் மட்டும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நீதிமன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2003-ல், சாட்சி சொல்ல வந்த பிள்ளைகளுக்குத் துணையாக ஜீட்டர் என்ற நாய் இருந்தது. அதைத் தொடர்ந்து அங்கே நீதிமன்ற நாய் என்ற ஏற்பாடு பரவியது. நம்ம ஊர் போக்சோ சட்டத்தில் நாய் பற்றி எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை நம்பும் குடும்பத்தினரோ நண்பரோ கூட இருக்க சிறப்பு நீதிமன்றம் அனுமதித்து, பிள்ளை பயமில்லாமல் பேசும் சூழலை ஏற்படுத்த வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இந்த உரிமையைப் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

'ஆன்லைன் சர்டிபிகேட்' வாங்கலாமா?

வேண்டாம். பணம் கட்டினால் அடையாள அட்டை, கோட்டு, சான்றிதழ் எல்லாம் அனுப்பும் இணையதளங்கள் ஏராளம். அமெரிக்காவிலேயே இப்படிப்பட்ட ஆன்லைன் சான்றிதழ்களால் எந்த உரிமையும் வராது என்று அந்நாட்டு நீதித்துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இங்கே அதன் மதிப்பு வெறும் காகிதம்தான்.

தமிழ்நாட்டில் என்னதான் இருக்கு?

இங்கே நடந்திருக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தெரபி டாக் வகையைச் சேர்ந்தவை. சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பு, ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-ல் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. தன்னார்வலர்களின் வளர்ப்பு நாய்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் அழைத்துப்போவதுதான் அந்தத் திட்டம். மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் அறக்கட்டளை இதேபோல் தெரபி நாய்களுடன் வேலை செய்கிறது.

மதுரைப் பக்கம் இருக்கும் பலம் மனநல சிகிச்சைதான். அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1992-ல் மனநல மருத்துவர் சி.ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில்தான் இயங்குகிறது. பரவையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். அதனால் தேடலை நாய்ப் பண்ணையில் ஆரம்பிக்காமல், இங்கே ஆரம்பிப்பதுதான் சரி.

அப்போ ஒரு குடும்பம் என்ன பண்ணலாம்?

1. முதலில் மருத்துவர். கெட்ட கனவு, திடீர் பதற்றம், சம்பவத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காட்டியே ஆக வேண்டும். நாய் பற்றிய யோசனையையும் அவரிடமே சொல்லுங்கள்.

2. வேலையை எழுதுங்கள். "பையன் சந்தோஷமா இருக்கணும்" என்பது நாய்க்குக் கொடுக்கும் வேலை அல்ல. "ராத்திரி அலறும்போது எழுப்பணும்", "பதற்றம் வந்தா மடியில் ஏறிப் படுக்கணும்" என்று இரண்டு, மூன்று வேலைகளை மட்டும் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் தேவைப்படுவது சர்வீஸ் டாக் இல்லை, செல்ல நாய். அதில் தப்பில்லை.

3. பொறுப்பு பெரியவர் கையில். சாப்பாடு, தடுப்பூசி, பயிற்சி எல்லாம் பிள்ளையின் தலையில் விழக்கூடாது. மனசு சரியில்லாத நாளில் "நாய்க்குச் சோறு வச்சியா?" என்று திட்டு வாங்கினால், துணைக்கு வந்த நாயே சுமையாகிவிடும். வெளிநாடுகளிலும் பல அமைப்புகள் சிறார்களுக்கு நாய் தரும்போது நாய், பிள்ளை, பெற்றோர் என்று மூவரையும் ஒரே குழுவாகத்தான் பழக்குகின்றன.

4. அடிப்படை முதலில், சிறப்பு வேலை பிறகு. உட்கார், இரு, வா, இழுக்காமல் நட, கீழே கிடக்கும் தீனியைத் தொடாதே... இவை கைவந்த பிறகுதான் மற்றவை. மடியில் எடை வைக்கும் வேலையை இப்படிப் பழக்குவார்கள்: முதலில் மடியில் ஏறியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. பிறகு ஒரு சொல்லுக்கு ஏறப் பழக்குவது. அப்புறம் பிள்ளை வேண்டுமென்றே காலை ஆட்டிக் காட்ட, அந்த அசைவையே நாய் உத்தரவாக எடுத்துக்கொள்ளும்படி பழக்குவது. அடித்து, பட்டினி போட்டுப் பழக்கும் பயிற்சியாளர் பக்கமே போகாதீர்கள். பயந்த நாய், பயந்த பிள்ளைக்கு உதவாது.

5. பள்ளியிடம் பேசுங்கள். நாயை வகுப்பில் விடாமல் போகலாம். ஆனால் மருத்துவர் கடிதத்தோடு போனால், பதற்றம் வரும்போது வெளியே போய் உட்கார அனுமதி, கதவோரம் இருக்கை போன்றவற்றைக் கேட்கலாம். இதற்கெல்லாம் நாயே தேவையில்லை.

எந்த நாய்? குட்டியா, வளர்ந்ததா?

உலகம் முழுக்க இந்த வேலைக்கு அதிகம் எடுப்பது லேப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும். மனிதர்களோடு ஒட்டும் குணம், தீனிக்காக எதையும் கற்கும் ஆர்வம் இரண்டும்தான் காரணம். ஆனால் மதுரை வெயிலுக்கு, குறிப்பாக அடர்ந்த ரோமமுள்ள கோல்டன் ரொம்பத் திணறும். சித்திரை, வைகாசியில் மத்தியானத் தார் ரோட்டில் நடத்தினால் பாதம் வெந்துவிடும். விடிகாலை, பொழுது சாய்ந்த பிறகு என்றுதான் நடக்க வைக்க முடியும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் மண்ணின் நாய்கள் வெயிலைத் தாங்கும். ஆனால் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனங்கள் என்பதால், புது ஆளைக் கண்டு சீறாமலும் ஓடும் பூனையைத் துரத்தாமலும் இருக்கப் பழக்குவது கடினம். சாந்தமான தெருநாய்க் குட்டி நல்ல துணையாக வளர்வதும் உண்டு. இனத்தைவிட அந்த ஒரு நாயின் குணம்தான் முக்கியம்.

குட்டியைவிட ஒன்று, ஒன்றரை வயது நாய் மேல். குணம் அதற்குள் தெரிந்துவிடும். பட்டாசு, குக்கர் விசில், கோயில் திருவிழா மைக் சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம். குட்டிதான் வேண்டுமென்றால், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்பதும், வளர்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் 2017-ம் ஆண்டு விதி. ரேபிஸ் தடுப்பூசியில் ஒரு தவணையும் தவறக்கூடாது.

எப்போது நாய் வேண்டவே வேண்டாம்?

• நாய் கடித்ததோ துரத்தியதோதான் பிள்ளையின் அதிர்ச்சிக்குக் காரணம் என்றால்.

• வீட்டில் யாருக்காவது கடுமையான ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால்.

• கோபம் வரும்போது பிள்ளை விலங்குகளைத் துன்புறுத்தும் பழக்கம் இருந்தால்.

• பகல் முழுக்க வீட்டில் ஆளே இல்லாமல் நாயைக் கட்டிப்போட வேண்டிய நிலை என்றால்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். லேப்ரடார் மாதிரி நாய் 10 முதல் 12 ஆண்டு வாழும். ஏற்கெனவே ஒருவரை இழந்து தவிக்கும் பிள்ளை, ஒருநாள் இந்த நாயையும் இழக்கும். மருத்துவரிடம் இதையும் மனம்விட்டுப் பேசிவிடுவது நல்லது.

பரவை வீட்டுக்கு என்ன பதில்?

அந்தப் பையனுக்கு உடனடித் தேவை மனநல மருத்துவரின் நேரம். சில மாத சிகிச்சையில் அவன் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கத் தொடங்கலாம். அப்போது அவனோடு சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடக்க ஒரு நாய் இருந்தால், வெளியே வர அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும். ராத்திரி அவன் அலறும்போது எழுப்பிவிடவும் அதைக் காலப்போக்கில் பழக்கலாம். அது பழகும் வரை அந்த வேலையைச் செய்யப்போவது பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாதான். அதனால் அவரும் மருத்துவரிடம் தன் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உதவிக்கு அழைக்க: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. சிறார்களுக்கு எதிரான வன்முறை, பாலியல் குற்றம் குறித்துச் சொல்ல சைல்டு ஹெல்ப்லைன் 1098. மருத்துவ ஆலோசனைக்கு 104.